பாரசீகக் கம்பளம்: வேர்ச்சாயமா, குரோம் சாயமா, சாயமிடாததா, பழையதா?

கடையில் இரண்டு கம்பளங்கள் விரித்துக் கிடக்கின்றன. இரண்டும் ஈரானில் கையால் முடிந்தவை, இரண்டும் 2 × 3 மீட்டர், முடிச்சு நெருக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றின் மூலையில் ‘இயற்கைச் சாயம்’ என்று சீட்டு தொங்குகிறது, விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கிறது. விசாரித்தால் ஒருவர் இயற்கைச் சாயம் நூறு வருஷம் அசையாது என்கிறார். இன்னொருவர் நாலு வெயிலுக்கு வெளுத்துப்போகும் என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். முன்னவர் சிவப்பையும் நீலத்தையும் மனதில் வைத்துப் பேசுகிறார், பின்னவர் மஞ்சளை.

இயற்கைச் சாயம் (கீழே வேர்ச்சாயம் என்று சொல்வது இதைத்தான்; குரோம் சாயம் என்பது செயற்கைச் சாயத்தில் ஒரு வகை) என்பது ஒரே சரக்கு இல்லை. ஒரே கம்பளத்தில் வேரிலிருந்து வந்த சிவப்பு, இலையிலிருந்து வந்த மஞ்சள், காய்த்தோலிலிருந்து வந்த பழுப்பு எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொன்றின் ஆயுளும் வேறு, பலவீனமும் வேறு. அதனால் கம்பளத்தை நிறம் நிறமாக விசாரித்துத்தான் வாங்க வேண்டும்.

## எதை வைத்து நிறுப்பது

வெளிச்சம். 1539–40இல் நெய்து முடித்த அர்தபில் கம்பளம் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் கிடக்கிறது. அதன் மேல் விளக்கு ஒவ்வொரு அரை மணிக்கும் பத்து நிமிடம்தான் எரியும். கம்பளத்தின் நிறத்தைத் தின்பதில் வெளிச்சத்துக்கு இணையான எதிரி இல்லை என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு. உங்கள் வீட்டில் கம்பளம் கிடக்கப்போகும் இடத்தில் தினமும் எத்தனை மணி நேரம் நேர்வெயில் விழுகிறது? கடைக்குப் போகும் முன் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர். துவைக்கும்போதோ, ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டும்போதோ சாயம் பக்கத்து வெள்ளைக்குள் இறங்குமா என்பது.

கம்பளியின் உயிர். பலரும் கடைசியில் பார்ப்பது இதைத்தான், முதலில் பார்க்க வேண்டியதும் இதுதான். வசந்த காலத்தில் உயிருள்ள ஆட்டிலிருந்து கத்தரித்த கம்பளியில் இயல்பான எண்ணெய்ப்பசை மிச்சமிருக்கும். மிதித்தால் மடங்கி, காலை எடுத்தால் நிமிரும். குட்டியாட்டின் கழுத்திலும் வயிற்றிலும் கிடைக்கும் மென்கம்பளிக்கு ஈரானில் கோர்க் என்று பெயர், நயின், இஸ்ஃபஹான், தப்ரீஸ் நகரங்களின் நுண்ணிய வேலைக்கு அது போகிறது. இதற்கு நேர் எதிர், தபாச்சி என்கிற இறந்த கம்பளி. அறுத்த ஆட்டின் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து உதிர்த்தெடுப்பது. சுண்ணாம்பின் காரம் இழையை அரித்துவிட்டிருக்கும். தொட்டால் வறண்டு கரகரக்கும், சாயமும் அதில் திட்டுத்திட்டாகத்தான் ஏறும். தபாச்சியில் உலகத்தின் சிறந்த சாயத்தைப் போட்டாலும் அந்தக் கம்பளம் சீக்கிரம் வழுக்கையாகும்.

கட்டு. பாவு, அதாவது நெடுக்காக ஓடும் அடிநூல், கம்பளியா பருத்தியா, முடிச்சு ஒழுங்கானதா. ஒரு முடிச்சு இரண்டு பாவிழைகளைச் சுற்ற வேண்டும். வேலையைக் குறைக்க நான்கு இழைகளை ஒரே முடிச்சில் பிடிக்கும் ஏமாற்றுக்கு ஜுஃப்தி என்று பெயர். அதனால் ஒவ்வொரு வரிசையிலும் மேல்மயிர் பாதியாகிவிடும்.

முதுமை. இருபது வருஷம் கழித்து எல்லா நிறமும் சேர்ந்து தணியுமா, ஒன்று மட்டும் செத்துப்போய் மற்றது கண்ணைக் குத்துமா?

மறைவான செலவு. துவைப்பு, குஞ்சம் பழுது, அந்துப்பூச்சி, அடிவிரிப்பு, மறுவிற்பனை.

தொட்டியருகே நிற்பவர். சாயத்தொட்டியின் ஆவியை மூச்சில் இழுப்பவர் ஒருவர் இருக்கிறார், கழிவுநீர் போய்ச் சேரும் ஓடையும் இருக்கிறது. அவற்றையும் கணக்கில் வைக்கத்தான் வேண்டும்.

| | வேர்ச்சாயம் | குரோம் சாயம் | சாயமிடாதது | பழையது |
|---|---|---|---|---|
| நேர்வெயில் | நீலம், சிவப்பு நன்று. மஞ்சள், பச்சை சுமார் | மிக நன்று | பழுப்பு சற்று வெளிறும் | வெளிற வேண்டியது பெரும்பாலும் வெளிறியிருக்கும் |
| தண்ணீர் | நன்கு அலசியிருந்தால் நன்று | மிக நன்று | கவலையே இல்லை | சோதிக்காமல் நனைக்கக் கூடாது |
| கம்பளிக்குச் சேதம் | இரும்புக் கறுப்பில் மட்டும் அதிகம் | நீண்ட கொதிப்பால் ஓரளவு | இல்லை | நிறத்துக்கு நிறம் மாறும் |
| முதுமை | அழகாகத் தணியும் | பெரிதாக மாறாது | இதமாக மாறும் | கண்ணாலேயே பார்த்துவிடலாம் |
| மறைவான செலவு | நடுத்தரம் | குறைவு | அழுக்கு துலக்கமாகத் தெரியும் | அதிகம் |

## முதல் வழி: வேர்ச்சாயக் கம்பளம்

இன்று வேர்ச்சாயம் அதிகம் கண்ணில் படுவது ஈரானின் தென்மேற்கில், ஃபார்ஸ் மாகாணத்தில். கஷ்காய், லுர் மக்களின் கம்பளங்களும் தடித்த மயிருள்ள கப்பேக்களும் அங்கே பிறப்பவை. ஃபார்ஸின் நெசவுத் திறனும் காஷானின் நெசவுத் திறனும் 2010இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் ஏறின. இனி நிறங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சிவப்பு. ஈரானியர் ரூனாஸ் என்று சொல்லும் வேர், நம் நாட்டு மருந்துக் கடை மஞ்சிட்டியின் நெருங்கிய உறவு. யஸ்து மாகாணத்தின் அர்தகான் பக்கம் பயிராகிறது. செடிக்கு மூன்று வயதாவது ஆன பிறகே வேரைத் தோண்டுவார்கள், இளவேரில் நிறம் போதாது. சிவப்புக்குக் காரணமான பொருள் அலிசரின். தமிழகக் கடற்கரையில் துணிக்குச் சிவப்பு தந்த சாயவேரிலும் இருப்பது இதே அலிசரின்தான்.

ஒரு கிலோ கம்பளி நூலுக்குக் கணக்கு இப்படிப் போகும். நூல் சிட்டங்களை முதலில் 40–50 டிகிரி வெந்நீரில் மென்மையான சோப்பு போட்டு எண்ணெய்ப்பிசுக்கு போக அலசுவார்கள். பிசுக்கு அதிகம் நின்றால் அந்த இடத்தில் சாயம் ஏறாது. பிறகு 150 முதல் 200 கிராம் படிகாரத்தைச் சுமார் 30 லிட்டர் தண்ணீரில் கரைத்து, நூலை உள்ளே விட்டு, ஒரு மணி நேரத்தில் மெதுவாக 85–90 டிகிரிக்கு ஏற்றி, இன்னொரு மணி நேரம் அதே சூட்டில் வைத்து, அப்படியே ஆறவிடுவார்கள். சாயத்தை இழையோடு கட்டிப்போடும் கொக்கி இந்தப் படிகாரம். ‘கூடப் போட்டால் நல்லது’ என்று அள்ளிப் போட்டால் நூல் பிசுபிசுத்துக் கரடாகிவிடும்.

அடுத்து அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை வேர்ப்பொடி. முந்தைய இரவே ஊறவைத்து, 60–70 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம். கெடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அவசரத்தில் தீயைக் கூட்டிக் கொதிக்கவிட்டால் வேரிலுள்ள பழுப்பு நிறப் பொருள்களும் இறங்கி, சிவப்பு செங்கல் நிறமாக மங்கிவிடும். தண்ணீரும் முக்கியம். சுண்ணச் சத்துள்ள கடினநீரில் சிவப்பு துலங்கும். மழைநீர் போன்ற மென்னீராக இருந்தால் கிலோ நூலுக்கு 20 கிராம் அளவில் சுண்ணாம்புக்கல் பொடி சேர்ப்பார்கள். ஒரு முறை சாயமெடுத்த தொட்டியிலேயே அடுத்த சிட்டத்தை இறக்கினால் ஆரஞ்சும் சால்மன் நிறமும் கிடைக்கும். அராக் வட்டாரத்தில் மோர்த்தெளிவு சேர்த்து எடுக்கும் ரோஜா நிறத்துக்குத் தூகி என்றே பெயர். தூக் என்றால் நம் மோரேதான்.

இப்படிச் செய்த சிவப்பு வெளிச்சத்தையும் தண்ணீரையும் நன்றாகவே தாங்கும். சாயம் இறங்குகிறது என்றால் பெரும்பாலும் தப்பு வேரில் இருக்காது. தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசாமல் விட்டதில் இருக்கும்.

கெர்மான், மஷ்ஹத் கம்பளங்களில் சிவப்பு சற்றே நீலம் கலந்து, ஒயின் போலத் தெரிந்தால் அது கோச்சினீல் பூச்சியிலிருந்து வந்ததாக இருக்கலாம். அதுவும் நல்ல சாயமே. காரமான சோப்பு பட்டால் ஊதாப்பக்கம் திரும்பும், அந்த ஒரு ஜாக்கிரதை போதும்.

நீலம். பாரசீகத்தில் இதன் பெயர் நீல். அவுரி பல நூற்றாண்டு இந்தியாவிலிருந்து அங்கே போயிற்று, பெயரும் கூடவே போயிற்று. இதற்குப் படிகாரம் வேண்டாம். காரத்தன்மையுள்ள, பிராணவாயு நீங்கிய இளஞ்சூட்டுத் தொட்டியில் நூலை முக்கி எடுத்தால் பச்சையாக வரும், காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். ஆழ்ந்த நீலம் வேண்டுமென்றால் நீர்த்த தொட்டியில் பல தடவை முக்க வேண்டும். திக்கான தொட்டியில் ஒரே முக்கில் முடித்த நீலம் மேலாக ஒட்டிக்கொண்டிருக்கும், தேய்த்தால் கையில் வரும். காரம் கூடினால் கம்பளி அரிக்கும் என்பதால் சாயக்காரரின் அனுபவம் இந்தத் தொட்டியில்தான் தெரியவரும்.

வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: 1897 முதல் சந்தையில் இருக்கும் செயற்கை நீலமும் செடி நீலமும் மூலக்கூறு அமைப்பில் ஒன்றே. ‘இயற்கைச் சாயம்’ என்று விற்கும் பல கம்பளங்களில் நீலம் ஆலையிலிருந்து வந்ததாக இருக்கும். உறுதியில் எந்தக் குறையும் இல்லை. செடி நீலம் என்பதற்காக மட்டும் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

மஞ்சளும் பச்சையும். எஸ்பரக் செடி, திராட்சை இலை, மாதுளை ஓடு, கஷ்காய் மலைகளின் ஜாஷீர் என்று மஞ்சளுக்கு வழி நிறைய. இவற்றில் எஸ்பரக் மஞ்சள் தெளிவானது, ஓரளவு நிற்கும். மற்றவை மங்கிப் பழுப்புப் பக்கம் போகும். பச்சை என்று தனிச் சாயம் கிடையாது. நீலத்தில் முக்கிய நூலை மஞ்சளிலும் முக்கித்தான் பச்சை எடுக்கிறார்கள். மஞ்சள் முதலில் வெளிற, நீலம் நின்றுவிட, பழைய கம்பளங்களில் இலைகள் எல்லாம் நீலமாகத் தெரிவது இதனால்தான். மஞ்சளும் பச்சையும் மிகுந்த வேர்ச்சாயக் கம்பளத்தை மேற்கு ஜன்னலோரம் போடுவது வீண்.

பழுப்பும் கறுப்பும். அக்ரூட் காயின் பச்சைத்தோல் படிகாரமில்லாமலே கெட்டியான பழுப்பைத் தரும். நல்ல சாயம். வில்லங்கம் கறுப்பில் இருக்கிறது. மாசிக்காயின் துவர்ப்போடு இரும்பு உப்பைச் சேர்த்துக் கறுப்பு எடுத்தால் அந்த இரும்பே வருஷக்கணக்கில் இழையை அரிக்கும். பழைய கம்பளங்களில் பூக்களைச் சுற்றிய கறுப்புக் கோடு மட்டும் பள்ளமாகத் தேய்ந்து, பூ மேலெழுந்து செதுக்கியது போல நிற்பதைப் பார்க்கலாம். அந்தப் பள்ளம் இரும்பு தின்றது. அதனால் வேர்ச்சாயக் கம்பளத்தில் கறுப்பு பெரிய பரப்பாக இருந்தால், அது இயல்பிலேயே கறுத்த ஆட்டின் கம்பளியா என்று கேளுங்கள். ஆமென்றால் நிம்மதி.

அப்ரஷ். ஒரே சிவப்புப் பரப்பில் ஒரு குறுக்குப்பட்டை சற்று வெளுத்து, அடுத்தது சற்று ஆழ்ந்து தெரியும். கைநூற்பு நூலின் தடிமன் ஏறி இறங்குவதும், ஒரு சிட்டம் தீர்ந்து அடுத்த தொட்டிச் சிட்டம் தொடங்குவதும் காரணம். இது குற்றம் அல்ல. ஆனால் அது எப்போதும் ஊடை ஓடும் திசையில் குறுக்காகத்தான் வரும். நெடுக்காகவோ வட்டமாகவோ நிறம் மாறியிருந்தால் அது வெயிலோ கறையோ. ஒழுங்காக அளந்து வைத்த அப்ரஷ் குரோம் சாயக் கம்பளங்களிலும் வருகிறது, அதை இயற்கைச் சாயத்துக்குச் சாட்சியாக எடுக்க முடியாது.

விலை பற்றி ஒரு கணக்கு. 6 சதுர மீட்டர் கம்பளத்தின் மேல்மயிருக்கு ஏறத்தாழ 12–15 கிலோ நூல் வேண்டும். சதுர மீட்டருக்கு 2,50,000 முடிச்சு உள்ள காஷான் என்றால் மொத்தம் 15 லட்சம் முடிச்சு. ஒருவர் நாளுக்கு 8,000 முடிச்சு போட்டால் 187 நாள் வேலை. சதுர மீட்டருக்கு 50,000 முடிச்சு உள்ள கப்பேயோ 37, 38 நாளில் முடிந்துவிடும். ஆக, கப்பேயின் விலையில் கம்பளிக்கும் சாயத்துக்கும் பெரிய பங்கு, காஷான் விலையில் கைவேலைக்கே பெரிய பங்கு. கப்பேயில் வேர்ச்சாயத்துக்காகக் கணிசமான வித்தியாசம் கேட்டால் நியாயம் உண்டு. நுண்ணிய நகரக் கம்பளத்தில் சாயத்தை மட்டும் காட்டி விலையை இரட்டிப்பாக்கினால் அந்தக் கணக்கு இடிக்கிறது.

மறைவான செலவு துவைப்பில் வரும். கார சோப்பும் நீராவி இயந்திரமும் ஆகாது. கம்பளியை அறிந்தவரிடம் மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டியிருக்கும்.

## இரண்டாம் வழி: குரோம் சாயக் கம்பளம்

நயின், இஸ்ஃபஹான், தப்ரீஸ், கோம் நகரங்களின் பெரும்பாலான கம்பளங்கள் இந்த வகை. செயற்கைச் சாயம் என்றதும் 19ஆம் நூற்றாண்டின் அனிலின் சாயங்களோடு சேர்த்துத் திட்டுவது வழக்கமாகிவிட்டது. அது தவறு. அனிலின் சாயங்கள் 1856க்குப் பிறகு வந்தவை. கண்ணைப் பறிக்கும் நிறம், ஆனால் வெயிலில் செத்தன, தண்ணீரில் ஓடின. அன்று ஈரானை ஆண்ட கஜார் அரசு அவற்றைத் தடுக்கச் சட்டமே போட்டது. குரோம் சாயம் வேறு வம்சம். பொட்டாசியம் டைகுரோமேட் உப்பைக் கொண்டு சாயத்தை இழைக்குள்ளேயே உலோகத்தோடு பிணைக்கிறார்கள். வெளிச்ச உறுதியை 1 முதல் 8 வரை மதிப்பிடும் நீலக் கம்பளி அளவுகோலில் நல்ல குரோம் சாயங்கள் 6க்கு மேல் நிற்கும். மஞ்சளும் பச்சையும் கூட.

குறை எங்கே? முதலாவது, கொதிப்பு. சாயத்தோடு 100 டிகிரியில் சுமார் ஒரு மணி நேரம், உப்பைச் சேர்த்த பிறகு இன்னும் அரை முதல் முக்கால் மணி நேரம். உப்பு கூடினாலோ நேரம் நீண்டாலோ இழை வறண்டு, மயிர் நுனி உடையத் தொடங்கும். மஞ்சிட்டித் தொட்டி கம்பளியை இவ்வளவு வதைப்பதில்லை. இரண்டாவது, நிறத்தின் சுபாவம். குரோம் சிவப்பு வந்த அன்று எப்படியோ, இருபது வருஷம் கழித்தும் அப்படியே. சிலருக்கு அதுதான் வேண்டும், சிலருக்கு அது தட்டையாகத் தெரியும். வேர்ச்சாயத்தில் ஒரே வேரிலிருந்து சிவப்பும் மஞ்சளும் பழுப்பும் சேர்ந்தே இறங்குவதால் நிறத்துக்குள் ஓர் ஆழம் இருக்கும், பக்கத்து நிறத்தோடு சண்டை போடாது. குரோமில் அந்த இணக்கம் முழுக்க முழுக்க சாயம் கலப்பவரின் கண்ணைப் பொறுத்தது.

மூன்றாவது, தொட்டியருகே நிற்பவர். டைகுரோமேட்டில் உள்ள ஆறுமதிப்புக் குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. சாயமேறிய கம்பளியில் அது மூன்றுமதிப்புக் குரோமியமாக மாறிப் பிணைந்துவிடுவதால் கம்பளத்தில் உட்காருபவர் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கையுறை இல்லாமல் தொட்டியில் வேலை செய்பவருக்கும், சுத்திகரிக்காத கழிவுநீர் போகும் ஓடைக்கும் ஆபத்து நிஜமானது. வேர்ச்சாயத்துக்குக் கூடுதல் பணம் தர எனக்குத் தெரிந்து மிக வலுவான காரணம் இதுதான். அழகு அதற்குப் பிறகு.

நுண்மையைப் பேசும்போது கடைக்காரர் சொல்லும் இரண்டு அளவுகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தப்ரீஸில் ராஜ் என்பார்கள், ஏறத்தாழ 7 செ.மீ. நீளத்தில் உள்ள முடிச்சுகளின் எண்ணிக்கை. 50 ராஜ் என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 லட்சம். நயினில் லா என்பார்கள், பாவிழையின் புரிகளைக் குறிப்பது. இதில் எண் குறையக் குறைய நயம் கூடும். 9 லாவை விட 6 லா நயமானது, 6 லாவை விட 4 லா. இரண்டையும் குழப்பிக்கொண்டு 9 லாவை உசத்தி என்று வாங்கிவிட வேண்டாம்.

மறைவான செலவு இந்த வழியில் குறைவு. சாயத்தைப் பற்றிக் கவலையின்றித் துவைக்கலாம்.

## மூன்றாம் வழி: சாயமே இடாத கம்பளி

ஆட்டின் வெள்ளை, சாம்பல், ஒட்டகப் பழுப்பு, கரும்பழுப்பு. இந்த நிறங்களை மட்டும் வைத்து முடிந்த கப்பேக்கள் உண்டு. சாயம் இறங்கும் என்ற பயம் கிடையாது, இழை ஒரு கொதியும் பார்க்காததால் எண்ணெய்ப்பசை முழுசாக நிற்கும், தொட்டாலே தெரியும். கறுப்பாட்டுக் கம்பளி வெயிலில் நுனி மட்டும் செம்பழுப்பாக வெளிறும், அது அசிங்கமாகத் தெரியாது.

வெள்ளைப் பரப்பில் அழுக்கு உடனே தெரியும் என்பது ஒரு குறை. இன்னொன்று, கப்பேயின் மயிர் நீளம் 2 செ.மீ.யைத் தாண்டுவதும் உண்டு, மணலும் துகளும் அடியில் போய் உட்காரும். அங்கே உட்கார்ந்த மணல் ஒவ்வொரு மிதிக்கும் இழையின் அடியை அறுக்கும். வாரம் ஒருமுறை, சுழலும் பிரஷ் இல்லாத வேக்குவமால் மயிர் சாயும் திசையில் இழுக்க வேண்டும்.

## நான்காம் வழி: பழைய கம்பளம்

ஹெரீஸ், பீஜார் என்ற ஈரானிய ஊர்களின் நல்ல பழைய கம்பளம் கிடைத்தால் புதிய கம்பளத்தில் கிடைக்காத ஒன்று கிடைக்கும்: அது எப்படி முதுமை அடையும் என்ற கேள்விக்கு விடை கண்முன் விரிந்திருக்கும். ஆனால் மறைவான செலவு மிக அதிகமான வழியும் இதுதான்.

1870களுக்கும் 1920களுக்கும் இடைப்பட்டதென்றால் அனிலின் நிறம் கலந்திருக்க வாய்ப்புண்டு. மயிரைப் பிளந்து பார்த்தால் அடியில் சுடர்விடும் ஊதாவோ ஆரஞ்சோ இருக்கும், நுனி சாம்பலாக இருக்கும். வேர்ச்சாயமும் நுனியில் தணியும், ஆனால் அதே நிறத்தின் இளஞ்சாயலாகத் தணியும். அனிலினில் நுனியும் அடியும் வேறு வேறு நிறமாகவே நிற்கும்.

1920களில் அமெரிக்கச் சந்தைக்குப் போன பல சாரூக் கம்பளங்களை ப்ளீச்சில் வெளுத்து, பிறகு மேலே சிவப்பைத் தூரிகையால் பூசினார்கள். பின்பக்கம் ரோஜா நிறம், முன்பக்கம் கருஞ்சிவப்பு என்றால் அதுதான். ப்ளீச் கண்ட கம்பளியின் ஆயுள் பாதியிலேயே போய்விட்டது.

அடிக்கட்டையும் சோதியுங்கள். ஒரு மூலையை மெதுவாக மடக்கும்போது பொரி உடைவது போலச் சடசடவென்று சத்தம் கேட்டால் பருத்திப் பாவு ஈரத்தில் மக்கியிருக்கிறது. பூந்தொட்டி வைத்திருந்த இடத்தில் இது அடிக்கடி நடக்கும். பழுதுபார்க்க முடியும், ஆனால் முடிச்சு முடிச்சாகக் கூலி ஏறும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, அந்துப்பூச்சி தின்ற ஓட்டைகளைத் தேடுங்கள். குஞ்சம் தனியாக வாங்கித் தைத்ததா, பாவிழையின் தொடர்ச்சியா என்று பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். தைத்த குஞ்சம் என்றால் முனை முடிச்சுகள் உதிர்ந்து வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். வீட்டுக்கு வந்ததும் பாலித்தீனில் இறுக்கிக் கட்டி, மைனஸ் 20 டிகிரி குளிரறையில் இரண்டு வாரம் வைத்து எடுத்தால் பூச்சி முட்டைகள் சாகும்.

பீஜாருக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஊடையை நனைத்து இறுக்கி அடித்து நெய்தது என்பதால் பலகை போல நிற்கும். அதைச் சுருட்ட வேண்டும், மடிக்கக் கூடாது. மடித்தால் பாவு அறுந்துவிடும்.

## கடையில் செய்ய வேண்டிய சோதனை

வெள்ளைப் பருத்திக் கைக்குட்டையை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு ஆழ்ந்த நிறத்தின் மேலும் ஒரு நிமிடம் அழுத்துங்கள். பிறகு தேயுங்கள். அழுத்தும்போதே சிவப்பு ஏறினால் வாங்காதீர்கள். தேய்த்த பிறகு லேசான நீலம் மட்டும் வந்தால் அது அவுரியின் மேல்தூசு, ஒரு நல்ல துவைப்பில் போகும்.

பின்பக்கம் திருப்பி, பக்கத்துப் பக்கத்தில் உள்ள முடிச்சுகளைப் பாவிழையோடு சேர்த்து எண்ணுங்கள். முடிச்சு இரட்டை அகலமாகத் தெரியும் பரப்பு ஜுஃப்தி. ஒற்றை நிறப் பின்னணியில்தான் இந்தத் திருட்டு அதிகம் ஒளிந்திருக்கும், பூவேலை உள்ள இடத்தில் செய்ய முடியாது.

கையை மயிருக்கு எதிர்த்திசையில் ஓட்டுங்கள். உயிர்க்கம்பளியில் கையில் மெல்லிய பசை ஒட்டும், மயிர் உதிராது. கரகரத்து, தூள் உதிர்ந்தால் தபாச்சி அல்லது ப்ளீச். புதுக் கம்பளத்தில் கொஞ்சம் பஞ்சு உதிர்வது இயல்பு, தூள் உதிர்வது இயல்பல்ல.

கடைசியாக விற்பவரிடம் கேளுங்கள்: சிவப்பு எதிலிருந்து? மஞ்சள் எதிலிருந்து? கறுப்பு ஆட்டின் நிறமா, போட்டதா? ‘எல்லாமே மூலிகை சார்’ என்றால் அவருக்குத் தெரியவில்லை. ‘சிவப்பு ரூனாஸ், நீலம் ஆலை நீலம், மஞ்சள் மாதுளை ஓடு’ என்று பிரித்துச் சொல்பவரை நம்பி மேற்கொண்டு பேசலாம். ஆய்வகச் சோதனை செய்ய வசதியிருந்தால் சிவப்பில் அலிசரினோடு புர்ப்புரின் என்கிற துணைப்பொருளும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வேரில் இரண்டும் உண்டு, 1868இல் கண்டுபிடித்த செயற்கை அலிசரினில் புர்ப்புரின் இருக்காது.

## எந்த வீட்டுக்கு எது

மேற்கு வெயில் நேரே விழும் கூடமா? குரோம் சாயம். அல்லது சிவப்பும் நீலமும் மட்டும் உள்ள வேர்ச்சாயக் கம்பளம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமாற்றிப் போடும் பொறுமை இருந்தால்.

குழந்தையும் சாப்பாடும் தரையிலேயே என்ற வீட்டுக்குக் குரோம் சாயமிட்ட, தடித்த பருத்திப் பாவுள்ள ஹெரீஸ் வகைக் கிராமக் கம்பளம் பொருத்தம். நயினின் குட்டை மயிர் கோர்க்கை அங்கே போட்டால் கரை, குஞ்சம் எல்லாம் சீக்கிரம் நைந்துவிடும்.

படுக்கையறை, படிப்பறை, திரை போட்ட வரவேற்பறை: வேர்ச்சாயத்துக்கு ஏற்ற இடம். மஞ்சளும் பச்சையும் தாராளமாக இருக்கலாம்.

ஒவ்வாமையோ சாய நெடியோ தாங்காதவர் இருந்தால் சாயமிடாத கப்பே.

மறுவிற்பனையை மனதில் வைத்து வாங்குபவருக்கு ஒரு தகவல். அமெரிக்கா ஈரானியக் கம்பளங்களின் இறக்குமதியை 2010இல் தடுத்தது, 2016இல் திறந்தது, 2018 ஆகஸ்டில் மீண்டும் மூடியது. வாங்கும் கம்பளம் பிற்காலத்தில் உங்களோடு எந்த நாட்டுக்குப் பயணமாகும் என்பதையும் அதற்கான ரசீது, மூலச் சான்று ஆகியவற்றையும் வாங்கும்போதே யோசியுங்கள். முதலீடாகப் பழைய கம்பளம் வாங்குவதை, பின்பக்கத்தைப் படிக்கத் தெரியாதவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பணம் இடித்தால் அளவைக் குறையுங்கள், கம்பளி அப்படியே இருக்கட்டும். ஈரானில் ஸரோநீம் என்று ஓர் அளவு உண்டு, ஏறத்தாழ 1 × 1.5 மீட்டர். அந்த அளவில் சாயத்துக்கான கூடுதல் விலையும் சிறிதாகவே வரும், உயிர்க்கம்பளியும் வேர்ச்சிவப்பும் கைக்கெட்டும். ஒற்றை ஆளாகச் சுருட்டி நிழலில் உதறிக் காயப்போடலாம், அந்துப்பூச்சிக்குப் பயந்து வருஷத்துக்கு இரண்டு முறை பின்பக்கம் திருப்பிப் பார்ப்பதும் சிரமமாக இருக்காது.